மேல்காற்றில் மேற்கே போகும் புகை

பஞ்சபூதத் தலங்களைப் பங்கு பிரித்தபோது சிதம்பரத்துக்கு ஆகாயம் கிடைத்தது, காற்று காளஹஸ்திக்குப் போய்விட்டது. ஆனாலும் காற்றைப் பற்றி யோசிக்க எனக்கு வாய்த்த நல்ல இடம் சிதம்பரம்தான். தெற்கு வீதியிலிருந்து தெற்கே இறங்கும் குறுகலான ஒரு தெரு, அதில் மேலண்டை வரிசையில் ஒரு டீக்கடை.

ஆடி மாதம், காலை ஏழு மணி. தெருவில் குட்டியானை வண்டிகள் சரக்கு இறக்கிக்கொண்டு, என்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. நடுவில் ஷேர் ஆட்டோ ஒன்று உறுமுகிறது. மாஸ்டர் ஒரு கையால் டீ ஆற்றிக்கொண்டே மறு கையால் முகத்துக்கு முன்னால் விசிறிக்கொள்கிறார்.

“சார், நீங்க படிச்சவரு. ஒண்ணு கேக்கறேன். இப்ப மேல்காத்து. மேக்கேர்ந்து கெழக்க அடிக்குது. நம்ம கடை மேலண்டை. பொகை எதிர்ல இருக்கற கடைக்குத்தான போவணும்? நம்ம மூஞ்சியிலயே வந்து அடிக்குது பாருங்க.”

கேள்வியை இதைவிட நேராகக் கேட்க முடியாது. காற்று கிழக்கே போகிறது என்பதற்குச் சாட்சியும் இருந்தது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் கொடியில் காயும் வேட்டி, கிழக்கு நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு மாஸ்டர் ஏற்றியிருந்த ஊதுபத்தியில் ஒன்றை உருவிக்கொண்டு தெருவின் நடுவில் போய் நின்றேன். புகை மேற்கே, கடையைப் பார்த்துச் சாய்ந்தது. மேலே வேட்டி கிழக்கே, கீழே புகை மேற்கே.

“பாத்தீங்களா?” என்றார் மாஸ்டர், வழக்கில் ஜெயித்தவர் போல.

“ஒரு கண்ணாடி டம்ளர்ல பால் போடாம டீ குடுங்க மாஸ்டர். வடிகட்டாம, கொஞ்சம் தூளோட.”

டீ வந்தது. தூள் அடியில் படியும்வரை காத்திருந்தேன். பிறகு, சூட்டை ஆற்ற ஊதுவோமே, அதுபோல டம்ளரின் வாயில் மெல்ல, விடாமல் ஊதினேன். மேலே மிதந்த தூள் என்னைவிட்டு விலகி எதிர் விளிம்புக்குப் போனது. அங்கே சுவர் தடுத்தது. பின்னால் வரும் டீயும் தள்ளுகிறது, போக்கிடம் கீழேதான். சுவரோடு இறங்கி, அடியில் திரும்பி, என் பக்கம் வந்தது. அடியில் கிடந்த தூள் துணுக்குகள் என்னை நோக்கி ஊர்ந்து வருவதை மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

“நான் ஊதுற வாய்தான் மேல்காத்து. டம்ளர்தான் இந்தத் தெரு. மேலாக்க இருக்கறது கெழக்க போவுது, அடியில இருக்கறது மேக்க திரும்புது. உங்க கடை அடியிலதான இருக்கு?”

நகரக் காற்றைக் கணக்கிடும் துறையின் முதல் பாடம் இவ்வளவுதான். இருபுறமும் வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவை அந்தத் துறையினர் பள்ளத்தாக்கு என்கிறார்கள். கூரைகளுக்கு மேல் காற்று குறுக்கே போனால், பள்ளத்தாக்குக்குள் ஒரு சுழல் உருண்டுகொண்டே இருக்கும். அதன் அடிப்பகுதி, மேலே அடிக்கும் காற்றுக்கு எதிர்த் திசையில் நகரும். வண்டிப் புகை பிறப்பது தெருவின் அடியில். ஆகவே, காற்று வரும் பக்கத்துச் சுவரோரத்தில் அது குவியும். எதிர்ச் சுவருக்கோ மேலிருந்து இறங்கும், ஓரளவு சுத்தமான காற்று கிடைக்கும். 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத் தெருக்களில் கார்பன் மோனாக்சைடை அளந்து பார்த்தவர்கள், ஒரே தெருவின் இரண்டு நடைபாதைகளிலும் அளவு ஒன்றாக இல்லை என்று கண்டார்கள். தெருவுக்கென்று தனியாக எழுதப்பட்ட முதல் கணக்குகளில் ஒன்று அங்கிருந்து பிறந்தது.

“அப்ப சாயங்காலம்?” என்றார் மாஸ்டர். அவருக்கு விடை பாதி தெரிந்திருந்தது. “மூணு மணி வாக்குல கிள்ளை பக்கமேர்ந்து கடக்காத்து வந்துரும். அப்ப பொகை நமக்கு அவ்வளவா இருக்காது. எதிர்க்கடைக்காரன்தான் இருமிக்கிட்டு இருப்பான். அவன் பீடி குடிக்கறதால இருமறான்னு நெனச்சேன்.”

கடற்காற்று கிழக்கிலிருந்து வரும்போது சுழலும் திசை மாற்றிக்கொள்கிறது. காலையில் மேலண்டை வரிசைக்கு, மாலையில் கீழண்டை வரிசைக்கு. தெருவின் சராசரி புகை அளவு மாறாமலே இருக்கலாம். ஆனால் அதைச் சுவாசிக்கும் ஆள் மாறிவிடுகிறார்.

“தெக்கத்திக் காத்து அடிச்சா?”

“அப்ப சுழலே இல்ல. தெரு தெக்கு வடக்கா ஓடுது. காத்து ஒரு வாசல்ல நுழைஞ்சு மறுவாசல்ல போயிடும். துடைப்பம் போட்டுக் கூட்டுனாப்ல.”

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சுழல் எல்லாத் தெருவிலும் உருளாது. மாஸ்டரின் தெரு ஏறக்குறைய இருபத்தைந்து அடி அகலம். இருபுறமும் முப்பது அடி உயரக் கட்டடங்கள். உயரத்தை அகலத்தால் வகுத்தால் 1.2. கனடாவைச் சேர்ந்த டிம் ஓக் என்ற நகரத் தட்பவெப்ப அறிஞர் 1988-இல் எழுதிய கட்டுரையில் இந்த விகிதத்தை வைத்தே தெருக்களை மூன்றாகப் பிரித்தார். விகிதம் சுமார் 0.3-க்குக் கீழே இருந்தால் தெரு அகலமானது. காற்று ஒரு வீட்டைத் தாண்டித் தரைக்கு இறங்கி, நிமிர்ந்து, அடுத்த வீட்டைச் சந்திக்கிறது. 0.3-க்கும் 0.7-க்கும் இடையில் ஒரு வீட்டின் பின்னால் எழும் குழப்பம் அடங்குவதற்குள் அடுத்த வீடு வந்துவிடுகிறது. 0.7-ஐத் தாண்டினால் பெரும்பகுதிக் காற்று கூரைகளின் மேலேயே சறுக்கிப் போய்விடும். கீழே உள்ள சுழல் தன்னந்தனியாக, பழைய காற்றையே அரைத்துக்கொண்டிருக்கும். டம்ளரும் தட்டும் போலத்தான். தட்டில் ஊற்றிய டீ சீக்கிரம் ஆறுவது ஏன் என்று எந்த டீக்கடையிலும் யாரும் விளக்கத் தேவையில்லை.

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளும் தட்டு வகை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் திரும்ப வேண்டும், ஊர் கூடி வடம் பிடிக்க வேண்டும் என்று விட்ட அகலம், ஊருக்கே மூச்சுக்குழாயாக அமைந்துவிட்டது. ஓரங்களில் மாடி மேல் மாடி ஏறும்போது தட்டின் விளிம்பு மெல்ல உயர்கிறது. உட்தெருக்களோ ஏற்கெனவே டம்ளர். சாலை அகலத்தைப் பார்த்துக் கட்டட உயரத்தை அனுமதிக்கும் வழக்கம் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் உண்டு. அதே இரண்டு எண்களைக் கொண்டுதான் தெருவின் காற்றும் தன் வழியைத் தீர்மானிக்கிறது.

கோபுர வாசலில் வெயில் நேரத்திலும் சிலுசிலுவென்று காற்று வருவது இன்னொரு பாடம். நீண்ட மதில் காற்றை மறிக்கிறது. மறிக்கும் பக்கம் அழுத்தம் கூடுகிறது, மறைவுப் பக்கம் குறைகிறது. இரண்டுக்கும் நடுவே திறந்திருக்கும் ஒரே சந்து வாசல்தான். மதில் முழுவதும் மோதிய காற்றில் ஒரு பங்கு அந்த வழியே பிதுங்கி ஓடுகிறது. ஊர் முழுக்கக் காற்று மெல்லவே வீசும் நாளிலும் அங்கே உட்கார்ந்தவர் தலைமுடி பறக்கும். அந்த வாசலில் ஒரு காற்றுமானியை வைத்து, சிதம்பரத்தில் நல்ல காற்று என்று எழுதிவிட்டால் கேலிக்கூத்துதான்.

மாஸ்டர் அடுத்த ரவுண்டு டீயைப் போட்டார். “இதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே சொல்லிடுமா?”

சொல்லும். எப்படிச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். நான் அவருடைய கல்லாப்பெட்டியைக் காட்டினேன். காலையில் இருந்த பணம், வந்த பணம், போன பணம், மிச்சம். இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும். கணினி தெருவின் காற்றைச் சின்னச் சின்னக் கல்லாப்பெட்டிகளாக அறுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு முகம். ஒவ்வொரு முகத்தின் வழியாகவும் பக்கத்துப் பெட்டியோடு கொடுக்கல் வாங்கல். நுழைந்த காற்று வெளியேறியே ஆக வேண்டும், கடன் சொல்ல முடியாது. அதேபோல வேகத்துக்கு ஒரு வரவு செலவு, புகைக்கு ஒரு வரவு செலவு. வேகத்துக்கான சமன்பாட்டைப் பிரான்ஸின் நவியே 1822-இலும், அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் 1845-இலும் எழுதி வைத்துவிட்டார்கள். சமன்பாடு பழசு. பெட்டிகளின் எண்ணிக்கைதான் நம்மைப் படுத்துகிறது.

மாஸ்டரின் தெருவை எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம். கூரைக்கு மேலேயும் பார்க்க வேண்டுமென்பதால் நாற்பது மீட்டர் உயரம். மொத்தம் 32,000 கன மீட்டர். அரை மீட்டர் பக்கமுள்ள பெட்டிகளாக அறுத்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் பெட்டிகள். போதாது, டீக்கடை வாசலில் நிற்கும் ஆளின் மூக்கு வரைக்கும் வேண்டும் என்று பக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் பெட்டிகள் எட்டு மடங்கு. பெட்டி சின்னதாகும்போது நேரத்தையும் சின்னதாக நறுக்க வேண்டும், ஆகவே வேலை பதினாறு மடங்கு. இது ஒரு தெருவுக்கு மட்டும். சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்தால்தான் உள்ளே வரும் காற்று உண்மையான காற்றாக இருக்கும்.

இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்த ஒருவர் உண்டு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர். 1910 மே 20-ஆம் தேதி வானிலையை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று பெட்டி பெட்டியாகக் கணக்கிட்டார். விடை 145 மில்லிபார் ஏற்றம். உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தொடக்கத்தில் கொடுத்த காற்றளவுகளில் இருந்த சிறு பிசகு கணக்குக்குள் பெருகிவிட்டது. தோற்றுப்போன அந்தக் கணக்கை மறைக்காமல் 1922-இல் புத்தகமாகவே வெளியிட்டார். 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பங்காகக் கணக்குப் போட்டால் வானிலையோடு ஓடிப் பிடிக்கலாம் என்று அதில் கனவும் கண்டார். அந்த மண்டபம் இன்று ஒரு மடிக்கணினிக்குள் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் தவறாகக் கொடுத்தால் முடிவில் தவறாகத்தான் வரும் என்பது மாறவில்லை.

இன்னொரு சங்கடம் உண்டு. காற்றின் சுழல்கள் வீட்டளவில் தொடங்கி விரல்நுனி அளவுவரை நொறுங்கிக்கொண்டே போகும். எந்தப் பெட்டியும் அத்தனையையும் பிடிக்காது. பிடிபடாததை அனுமானத்தால் நிரப்ப இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாச் சுழலையும் சராசரியாக்கிவிடும். ஓடும் குழந்தையை ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்துப் படம் எடுத்தது போல. குழந்தை ஓடிய பாதை தெரியும், குழந்தை தெரியாது. 1974-இல் லாண்டரும் ஸ்பால்டிங்கும் வடித்துக்கொடுத்த சமன்பாடுகள் இந்தப் பள்ளியின் அன்றாடக் கருவி. மற்றது, பெரிய சுழல்களைச் சினிமா போல நொடிக்கு நொடி காட்டும், குட்டிச் சுழல்களை மட்டும் அனுமானிக்கும். 1963-இல் ஸ்மகோரின்ஸ்கி தொடங்கிவைத்த வழி. படம் மலிவு, சினிமா செலவு. ஆண்டுச் சராசரி போதுமென்றால் படமே போதும். ‘திடீர்னு ஒரு நாத்தம் வந்துட்டுப் போச்சு’ என்பதைப் பிடிக்க வேண்டுமென்றால் சினிமாதான் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கணினி சொல்வது சரிதானா என்று பார்க்க யாராவது வெயிலில் நிற்க வேண்டும். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 120 கப்பல் சரக்குப் பெட்டகங்களைப் பன்னிரண்டு வரிசையாக அடுக்கி, ஒரு பொய் நகரம் கட்டினார்கள். அதன் தெருக்களில் வாயுவைத் திறந்துவிட்டு, மூலைக்கு மூலை அளந்தார்கள். இன்று நகரக் காற்றுக்கு ஒரு மென்பொருள் எழுதுபவர் அந்தப் பெட்டக நகரத்தில் தன் கணக்கைச் சோதித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் காற்றுச் சுரங்கத்துக்குள் பொம்மைத் தெரு வைத்து மரங்களையும் நட்டுப் பார்த்தார்கள். குறுகிய தெருவில் அடர்ந்த மரக்கிளைகள் மேலே கூடிக்கொண்டால் அவை மூடியாகிவிடுகின்றன. நிழல் கிடைக்கிறது, புகையும் கீழேயே தங்குகிறது. அகலச் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் அடர்வேலி நல்லது. டம்ளர் தெருவுக்கு மூடி போடுவது வேறு சங்கதி.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு சொன்னார்: “எங்க அக்காவைக் கடலூர் போற வழியில ஒரு கிராமத்துல குடுத்திருக்கு. ஃபேக்டரிங்களுக்கு மேலண்டைப் பக்கம். அது சொல்லும், காலைல பத்து பதினொண்ணு வரைக்கும் ஒண்ணும் இருக்காதாம். கடக்காத்து எறங்குனதும் நாத்தம் கொடலப் புடுங்குமாம். கடக்காத்து சுத்தமான காத்துதான சார்?”

சிதம்பரத்தில் பஸ் ஏறினால் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி, கடலூர் முதுநகர் வருவதற்கு முன் சாலையை ஒட்டி வருவது சிப்காட் தொழிற்பேட்டை. கிழக்கே உப்பனாறு, அதற்கப்பால் கடல். 1980-களில் இருந்து ரசாயனம், மருந்து, சாயத் தொழிற்சாலைகள் இங்கே வளர்ந்தன. நடுவிலும் ஓரத்திலும் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், பச்சையாங்குப்பம் என்று ஊர்கள். அக்காவின் கேள்விக்கு இங்கே மூன்று விடைகள் இருக்கின்றன.

முதல் விடை எளிது. கடற்காற்று கடலில் சுத்தம்தான். ஆனால் கடலுக்கும் மேற்கில் உள்ள ஊருக்கும் நடுவே தொழிற்சாலைகள் இருந்தால், அவற்றைத் தாண்டித்தான் வந்து சேர வேண்டும். இரண்டாவது, இரவு நேரத்தில் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று ஓடும். கட்டுமரக்காரர்கள் அதை நம்பித்தான் விடியுமுன் பாய் விரித்தார்கள். அந்தக் காற்று இரவில் எடுத்துக்கொண்டு போனதில் ஒரு பங்கை, பகலில் திரும்பும் கடற்காற்று கரைக்கே கொண்டுவந்துவிடும். குப்பையைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளினால் காலையில் நம் வாசலுக்கே வருகிற கதை.

மூன்றாவதுதான் நுட்பமானது. கடலின் மேல் வரும் காற்று குளிர்ந்தது, அடங்கியது. அதற்குள் மேலும் கீழுமான கலக்கம் குறைவு. கரையேறியதும் சூடான மண் அதை அடியிலிருந்து கொதிக்க வைக்கத் தொடங்குகிறது. கொதிக்கும் அடுக்கு கரையில் மெல்லியதாகத் தொடங்கி, உள்நாட்டுக்குள் போகப் போகத் தடிக்கிறது. கரையோரப் புகைபோக்கியின் நுனி இந்த அடுக்குக்கு மேலே, அடங்கிய காற்றில் இருக்கிறது. அங்கே விட்ட புகை கலையாமல், ஒரு கயிறு போல நீண்டு போகும். சற்றுத் தொலைவில் கொதிக்கும் அடுக்கு உயர்ந்து அந்தக் கயிற்றைத் தொட்டதும், மேலிருந்த புகை மொத்தமாகக் கீழே இழுக்கப்படும். புகைபோக்கியின் அடியில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தள்ளி இருக்கும் ஊரின் தலையில் இறங்கும்.

புகைபோக்கிக்கும் கணக்கு உண்டு. பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஃபிராங்க் பாஸ்குவில் 1961-இல் வெளியிட்ட முறை, காற்றின் கலக்கத்தை ஆறு வகுப்பாகப் பிரித்தது. கொளுத்தும் வெயில் ஒரு கோடி, அசையாத இரவு மறுகோடி. அந்த வகுப்புகளை வைத்து, புகை மணி வடிவில் விரிந்துகொண்டே போகிறது என்று கொள்ளும் கணக்குதான் பல நாடுகளில் தொழிற்சாலை அனுமதிகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. வெட்டவெளியில் நன்றாக வேலை செய்யும். அதன் எளிய வடிவத்துக்கு வீடு தெரியாது, சந்து தெரியாது, கரையோரத்தில் தடிக்கும் அடுக்கும் தெரியாது.

இந்தியாவில் புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறதோ, அதன் 0.3 அடுக்கை 14-ஆல் பெருக்க வேண்டும். 10 கிலோ என்றால் 28 மீட்டர். குறைந்தபட்சம் 30 என்பதால் 30. 100 கிலோ என்றால் 56 மீட்டர். பத்து மடங்கு கக்கினாலும் உயரம் இரண்டு மடங்குதான். உயரம் புகையைக் குறைப்பதில்லை, பகிர்ந்துகொடுக்கிறது. குழாய் மூட்டிலும், வால்விலும், கழிவுநீர்த் தொட்டியிலும் கசியும் வாயுவுக்கு இந்தச் சூத்திரம் எட்டாது. அதற்குப் புகைபோக்கியே இல்லை. தரையோடு பிறந்து, தரையோடு ஊர்ந்து, இரவின் அடங்கிய காற்றில் கலையாமல் ஜன்னல் வழியாக நுழையும்.

2004-இல் சிப்காட் ஊர்க்காரர்கள் செய்த வேலையை இங்கேதான் சொல்ல வேண்டும். சிப்காட் பகுதி மக்கள் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு குழு அமைந்தது. வாடைகளை இனம்பிரித்து அறிய ஊர் மக்களுக்குப் பயிற்சி. அழுகிய முட்டையா, அழுகிய முட்டைக்கோஸா, நகப்பூச்சா? அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். அதுவே மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆபத்து அங்கேதான். என்ன வாடை, எந்த இடம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், உடம்புக்கு என்ன செய்தது என்று நாட்குறிப்பு எழுதினார்கள். வாடை கடுமையாக வந்த நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வாளிக்குள் ஒரு பை. வாளியின் காற்றை உறிஞ்சி எடுத்தால் பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். 1990-களில் கலிஃபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்காக உருவான எளிய உத்தி. பைகள் ஆய்வகத்துக்குப் போயின. கந்தகச் சேர்மங்களும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுமாக இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் திரும்பி வந்தன.

அந்த நாளில் நாட்டின் காற்றுத் தர அளவீட்டுப் பட்டியலில் பென்சீன்கூடக் கிடையாது. 2009 நவம்பரில் பட்டியல் பன்னிரண்டு பொருள்களாக விரிந்தபோதுதான் அது இடம்பெற்றது. அளவுகோலே இல்லாத ஒன்றை மூக்கு முதலில் அளந்தது.

இதில் நான் கவனிப்பது வேறொன்று. அந்த நாட்குறிப்பின் கட்டங்களைப் பாருங்கள். இடம், நேரம், காற்றின் திசை. கணினியின் கல்லாப்பெட்டிக்குள் இருப்பதும் இதே மூன்று கட்டங்கள்தான். படிப்பு அதிகமில்லாதவர்கள் நோட்டில் எழுதியதும் பெருங்கணினி பக்கம் பக்கமாகக் கொட்டுவதும் ஒரே கேள்விக்கான விடைகள்: எந்தப் பக்கம், எந்த நேரம்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டு மாஸ்டருக்குக் காட்டினேன். ஒரு நாளில் இருபது நிமிடம் மட்டும் ஏதோ ஒரு வாயு 600 என்ற அளவில் வந்து போகிறது. மீதி நேரமெல்லாம் 20. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். கூட்டி வகுத்தால் நாள் சராசரி 28. எல்லை 60 என்று வைத்துக்கொண்டால், பாதிகூட இல்லை. அறிக்கையில் பச்சை நிறம். அந்த இருபது நிமிடத்தில் வாந்தியெடுத்த பிள்ளைக்கு அந்தச் சராசரியில் இடமில்லை.

“என் கடையில ஒரு நாளைக்கு நூறு டீ கொதிக்கக் கொதிக்க, நூறு டீ பச்சத்தண்ணியாட்டம் போட்டுட்டு, சராசரி பதமா இருக்குன்னு சொன்னா ஒத்துப்பாங்களா?” என்றார் மாஸ்டர். இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஆகவே கணினிக் கணக்கு எதற்குப் பயன்படும் என்றால், அளக்கும் கருவியை எங்கே வைப்பது என்று சொல்லப் பயன்படும். கோபுர வாசலில் வைக்காதே, டம்ளர் தெருவின் மேலண்டைச் சுவரில் காலையிலும் கீழண்டைச் சுவரில் மாலையிலும் பார் என்று சொல்லும். கடலூரில் கடற்காற்று திரும்பும் மணியையும், கயிறு அறுந்து விழும் தொலைவையும் காட்டும். மூக்கு சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்து, கணக்கு சொன்ன இடத்தில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அதிகாரியின் மேசையில் வைக்கத் தெம்பு வரும். ஒத்துப்போகாவிட்டால் ரிச்சர்ட்ஸன் போல அதையும் எழுதி வைக்க வேண்டும்.

அன்று இரண்டு டீக்கு மாஸ்டர் ஒரு டீக்குத்தான் காசு வாங்கினார். வடிகட்டாமல் ஊதிப் பார்த்த டீ கணக்கில் சேராதாம்.

ஆவணி பிறந்த பிறகு மறுபடி அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உட்கார, கடையின் நீள பெஞ்சு எப்போதும் அவர் வாசலில் கிடக்கும். அன்று காலை அது எதிர்வரிசையில், பூட்டிய கடை ஒன்றின் படிக்கட்டோரம் கிடந்தது. பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சாயங்காலம் இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடுவேன்” என்றார்.

“தினமும் எப்படித் தெரியும் மாஸ்டர்?”

அவர் பதில் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டியை அண்ணாந்து பார்த்தார்.